இரண்டாவது கடை

திண்டுக்கல் போனால் எனக்கு வழக்கமாக இரண்டு வேலைதான். பிரியாணி சாப்பிடுவது. அப்புறம் நாகல் நகரில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் செரிக்க விடுவது. இந்த முறை இரண்டாவது வேலைக்கு வழியில்லாமல் போய்விட்டது. அக்கா மகன் ஒரு துண்டுச்சீட்டோடு எதிரே வந்து நின்றான்.

"மாமா, இதுல எதை வாங்கலாம்னு சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள கடைக்காரர்ட்ட சொல்லணும்."

கம்ப்யூட்டர் கடைக்காரர் கைப்பட எழுதிக் கொடுத்த கொட்டேஷன். ஒன்பது வரி. பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினட், மானிட்டர், கீபோர்டு-மவுஸ், யு.பி.எஸ். நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் இன்டெல் என்றும் அந்தப் பக்கம் ஏ.எம்.டி. என்றும் எழுதி, இரண்டுக்கும் தனித்தனியாகக் கூட்டல் போட்டிருந்தார்.

பையன் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிற வேலையில் இறங்கப் போகிறான். இரண்டு ஸ்டூடியோக்காரர்கள் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பணம், அக்கா சீட்டு எடுத்த பணம். தப்பான சாமானை வாங்கிவிட்டால் மாற்றி வாங்க இன்னொரு சீட்டு கிடையாது.

திண்ணையின் அந்தக் கோடியில் அவனுடைய தாத்தா, அதாவது அக்காவின் மாமனார், வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூட்டுப் பட்டறையில் முப்பது வருஷம் அரம் பிடித்த கை. எங்கள் பேச்சைக் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

நீங்களும் இந்த மாதிரி ஒரு சீட்டை வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் கண் நேராகக் கடைசி வரிக்கு, மொத்தம் எவ்வளவு என்கிற இடத்துக்குத்தான் போயிருக்கும். என்னைக் கேட்டால் அந்தச் சீட்டில் முக்கியமான விஷயம் மொத்தம் இல்லை. நடுவில் கிழித்த அந்தக் கோடு. இந்தப் பக்கம் பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் போகலாம் என்று சொல்கிற கோடு. அது சும்மா வரவில்லை. அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டை தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்கிற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

*

கதை ஒரு கால்குலேட்டரில் ஆரம்பிக்கிறது.

1969-ல் பிஸிகாம் என்கிற ஜப்பானியக் கால்குலேட்டர் கம்பெனி, எங்களுக்குச் சில்லுகள் செய்து கொடுங்கள் என்று அமெரிக்காவில் ஒரு புதுக் கம்பெனியிடம் போனது. அந்தக் கம்பெனிக்கு அப்போது வயது ஒன்று. ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்று இரண்டு பேர் ஃபேர்சைல்ட் என்கிற செமிகண்டக்டர் கம்பெனியை விட்டு வெளியே வந்து 1968-ல் தொடங்கியது. பெயர், இன்டெல்.

ஜப்பான்காரர்கள் கேட்டது ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொன்றாக ஒரு டஜன் சில்லு. இன்டெல்லில் இருந்த டெட் ஹாஃப் வேறு மாதிரி யோசித்தார். எதற்கு இத்தனை? என்ன வேலை சொன்னாலும் செய்கிற ஒரு சில்லைப் பண்ணிவிட்டால், வேலையை புரோகிராமாக எழுதிக் கொடுத்துவிடலாமே? ஃபெடெரிகோ ஃபாஜின், ஸ்டான் மேஸர், ஜப்பானிலிருந்து வந்த மசதோஷி ஷிமா என்று ஒரு சின்னக் கூட்டம் அதைச் செய்து முடித்தது. 1971 நவம்பரில் 4004 சந்தைக்கு வந்தது. உள்ளே 2,300 டிரான்சிஸ்டர்கள். உரிமை பிஸிகாமிடம் இருந்தது. இன்டெல் 60,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. உலக வியாபார சரித்திரத்தில் இவ்வளவு மலிவாக வாங்கப்பட்ட புதையல் அதிகம் இருக்காது.

இது முதல் கடை.

அதே ஃபேர்சைல்ட் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜெர்ரி சாண்டர்ஸ். அவரும் வெளியே வந்து 1969 மே 1-ம் தேதி சகாக்களோடு ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் ஏ.எம்.டி. ஒரே வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போன இரண்டு பேர் மாதிரி. ஆனால் அப்போது யாரும் இவர்களைப் போட்டியாளர்கள் என்று சொல்லவில்லை. ஏ.எம்.டி. பெரும்பாலும் மற்றவர்கள் வடிவமைத்த சில்லுகளைச் செய்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

இப்போது ஐ.பி.எம். வருகிறது. 1980-ல் ஃப்ளோரிடாவில் ஒரு சின்னக் குழுவைப் போட்டு, ஒரு வருஷத்துக்குள் மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்து முடியுங்கள் என்றது. ஒரு வருஷத்தில் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய முடியுமா? முடியாது. எனவே கடைகளில் கிடைக்கிற சாமானை வாங்கிப் பூட்டினார்கள். பிராசஸர் இன்டெல்லின் 8088. சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்டுடையது. 1981 ஆகஸ்ட் 12-ம் தேதி வெளியான அந்த ஐ.பி.எம். பி.சி.யின் ஆரம்ப விலை 1,565 டாலர். கவனியுங்கள். உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி செய்தது, ரகத்தில், ஓர் அசெம்பிள்ட் கம்ப்யூட்டர்தான். நம் ஊர்க் கடைக்காரர் செய்கிற அதே வேலை.

ஐ.பி.எம். இன்னொரு காரியமும் செய்தது. ஒரே கம்பெனியை நம்பி நான் சாமான் வாங்க மாட்டேன். நாளைக்கு உன் ஃபேக்டரி தீப்பிடித்தால் என் கதி என்ன? நீ விலையை ஏற்றினால் நான் யாரிடம் போவேன்? இதே பிராசஸரைச் செய்து தர இன்னொரு கம்பெனியையும் கொண்டு வா என்றது. அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகள் எல்லாம் வைத்த நிபந்தனைதான். இன்டெல்லுக்கு வேறு வழியில்லை. 1982-ல் ஏ.எம்.டி.யோடு ஒப்பந்தம் போட்டுத் தன் வடிவமைப்பைத் தந்தது.

இப்படித்தான் இரண்டாவது கடை திறந்தது. முதல் கடைக்காரரே சாவியைக் கொடுத்துத் திறந்து வைத்த கடை!

*

சாவி என்றதும் திண்டுக்கல் ஞாபகம் வந்துவிடுகிறது.

திண்டுக்கல் பூட்டின் பெருமை என்ன? உள்ளே இருக்கிற லீவர்களைக் கையால் அறுத்து, அரத்தால் ராவி, அந்தப் பூட்டுக்கென்றே ஒரு சாவி செய்வார்கள். பக்கத்துப் பூட்டின் சாவி இதற்குச் சேராது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுக்கு அழகு, தன் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காமல் இருப்பது.

ஐ.பி.எம். பி.சி.யிலும் அப்படி ஒரு பூட்டு இருந்தது. பயாஸ் என்று பெயர். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் எழுந்து மற்ற பாகங்களை எழுப்புகிற சின்ன புரோகிராம். மற்ற சாமான் எல்லாம் கடையில் கிடைக்கும். பயாஸ் மட்டும் ஐ.பி.எம்.முடையது. வேடிக்கை என்னவென்றால், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஐ.பி.எம்.மே தொழில்நுட்பக் கையேட்டில் அச்சடித்து விற்றது. ஆனால் பார்த்து எழுதினால் காப்பிரைட் வழக்கு.

ஹூஸ்டனில் 1982-ல் தொடங்கிய காம்பேக் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டி ஐ.பி.எம்.மின் பயாஸைப் படித்து, அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்கும். அதைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு கோஷ்டி, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதும். ஒரிஜினல் சாவியைத் தொடாமலே அதே பூட்டைத் திறக்கிற சாவி. சட்டப்படி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. 1984-ல் ஃபீனிக்ஸ் என்கிற கம்பெனி இதே மாதிரி செய்து, வேண்டுமென்கிற எவருக்கும் விற்க ஆரம்பித்துவிட்டது.

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. தைவானில் மதர்போர்டு, கொரியாவிலும் ஜப்பானிலும் மெமரி, சிங்கப்பூரில் டிஸ்க் என்று ஆளாளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். ஒருவன் செய்தது இன்னொருவன் செய்ததோடு பொருந்தும். உலகம் அதுவரை பார்க்காத சந்தை.

இந்தியா என்ன செய்துகொண்டிருந்தது? ஐ.பி.எம். 1978-லேயே இங்கிருந்து கிளம்பிவிட்டது. கம்ப்யூட்டர் செய்ய லைசென்ஸ், பாகம் இறக்க லைசென்ஸ். 1984 நவம்பரில் வந்த கம்ப்யூட்டர் கொள்கைதான் கதவைக் கொஞ்சம் திறந்தது. தொண்ணூறுகளில் இன்னும் அகலத் திறந்தது. தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான உலக ஒப்பந்தத்தில் 1997-ல் இந்தியா சேர, சுங்கவரி படிப்படியாக இறங்கி, 2005-ல் பல பொருட்களுக்குப் பூஜ்யமானது.

சென்னை மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் ரிச்சி ஸ்ட்ரீட். ஒரு காலத்தில் ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸ் விற்ற சந்து, கம்ப்யூட்டர் பாகங்களின் கொத்தவால் சாவடி ஆயிற்று. திண்டுக்கல்லில் கடை போட்டவர்கள் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலை எழும்பூரில் இறங்கி, கடை திறக்கிற வரைக்கும் டீ குடித்துக்கொண்டு காத்திருந்து, பை நிறைய சாமானோடு மறுநாள் ஊர் திரும்பின காலம் அது. மதர்போர்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். பிராண்டட் கம்ப்யூட்டர் ஷோரூம் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு எல்லாம் பிரவுசிங் சென்டரும் டி.டி.பி. சென்டரும் வந்தது இந்த மடி வழியாகத்தான்.

*

இதெல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். திறந்த கதவை மூட ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது முயன்றிருக்கிறார்கள்.

முதலில் ஐ.பி.எம். 1987-ல் பி.எஸ்/2 என்று புது மாடல் கொண்டு வந்தது. அதில் கூடுதல் கார்டு செருகுகிற வழியையே மாற்றி, காப்புரிமை வாங்கி வைத்தது. வேண்டுமானால் எனக்குப் பணம் கட்டிவிட்டுச் செய். மறு வருஷமே காம்பேக் உள்பட ஒன்பது கம்பெனிகள் கூடி, எங்களுக்கு எங்கள் வழி போதும் என்று வேறொன்றை அறிவித்தன. வாங்குகிறவர்களும் பழைய கார்டுகளைத் தூக்கிப் போட விரும்பவில்லை. ஐ.பி.எம். கட்டின சுவருக்கு உள்ளே கடைசியில் ஐ.பி.எம். மட்டும்தான் இருந்தது.

அடுத்து இன்டெல். 1985-ல் 386 பிராசஸர் வந்தபோது, இதை இரண்டாவது கடைக்குத் தர மாட்டேன் என்று கதவைச் சாத்தியது. பஞ்சாயத்து, கோர்ட்டு என்று வருஷக்கணக்கில் இழுத்தது. ஏ.எம்.டி. காத்திருக்கவில்லை. தானே உட்கார்ந்து செய்து 1991-ல் தன்னுடைய 386-ஐக் கொண்டு வந்தது. இன்டெல்லுடையது 33 மெகாஹெர்ட்ஸ், இவர்களுடையது 40. விலையும் குறைவு. 386 என்கிற பெயர் எங்களுடையது என்று இன்டெல் கோர்ட்டுக்குப் போனது. எண்ணுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

586 என்று வந்திருக்க வேண்டிய சாமான் 1993-ல் பென்டியம் என்று வந்ததற்குக் காரணம் இதுதான். ஐந்துக்கான கிரேக்கச் சொல்லை வைத்துச் சூட்டிய பெயர். அந்த பென்டியத்தின் தந்தை என்று சொல்லப்படுகிற வினோத் தாம், புனேயில் பிறந்து டெல்லியில் இன்ஜினீயரிங் படித்தவர். இன்னொரு சுவாரசியம். அவர் 1995-ல் இன்டெல்லை விட்டு நெக்ஸ்ஜென் என்கிற சின்னக் கம்பெனிக்குப் போனார். ஏ.எம்.டி. அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. 1997-ல் பென்டியத்துக்குப் போட்டியாக வந்த கே-6 அந்த வழியில் வந்ததுதான். ஒரே மனிதர் இரண்டு கடைக்கும் சரக்கு கொடுத்திருக்கிறார். 2025-ல் அவருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

கே-6 ஏன் ஓடியது தெரியுமா? பென்டியம் உட்கார்ந்த அதே சாக்கெட்டில் அதுவும் உட்கார்ந்தது. ஒரே மதர்போர்டு. மேலே எந்தக் கம்பெனி பிராசஸரை வேண்டுமானாலும் வைக்கலாம். இன்டெல் சும்மா இருக்குமா? அதே 1997-ல் பென்டியம்-2 வந்தபோது சாக்கெட்டையே மாற்றி, வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டது. ஏ.எம்.டி. தனக்கென்று வேறு சாக்கெட் செய்துகொண்டது. பாதை பிரிந்தது அங்கேதான். அன்றிலிருந்து இன்று வரைக்கும் பிராசஸரைத் தேர்ந்தெடுப்பது என்றால், கூடவே மதர்போர்டையும் தேர்ந்தெடுப்பது என்று அர்த்தம். துண்டுச்சீட்டின் நடுவில் கோடு விழுந்தது அப்போதுதான்.

*

கோடு விழுந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

இரண்டு கடையும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருஷங்களைப் பாருங்கள். 2000 மார்ச் 6-ம் தேதி ஏ.எம்.டி. ஒரு கிகாஹெர்ட்ஸ் பிராசஸரை அறிவிக்கிறது. இரண்டே நாள். 8-ம் தேதி இன்டெல்லும் அறிவிக்கிறது. 2003-ல் பழைய புரோகிராம்களும் ஓடுகிற 64 பிட் பிராசஸரை ஏ.எம்.டி. கொண்டு வந்தது. மறு வருஷம் இன்டெல்லும் அதே வழிக்கு வந்தது. யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று பாருங்கள்!

2006-ல் இன்டெல் கோர் 2 டுயோவோடு எழுந்து நின்றது. ஏ.எம்.டி. பின்தங்கியது. 2011-ல் அது பெரிதாக நம்பி இறக்கிய புல்டோசர் பிராசஸர் படுத்துவிட்டது. இரண்டாவது கடையில் விளக்கு எரிந்தது, வாங்க ஆள் இல்லை. நடுவில், 2009-ல், கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குத் தள்ளுபடி கொடுத்து எங்கள் சரக்கை வாங்க விடாமல் செய்தார்கள் என்று ஏ.எம்.டி. தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்தது.

இப்போது ஒரு கணக்கு. 2007 ஜனவரியில் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கு நான்கு கோர் பிராசஸரை இன்டெல் விற்றது. பத்து வருஷம் கழித்து, 2017 ஜனவரியில், அதே ரகத்தில் அதன் உச்ச பிராசஸரில் எத்தனை கோர்? நான்கு. அப்படியே நான்கு.

2017 மார்ச்சில் ஏ.எம்.டி.யின் ரைசன் வந்தது. தைவானில் பிறந்த லிசா சு 2014-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்து எழுப்பி நிறுத்திய கம்பெனி. எட்டுக் கோர், 499 டாலர். இன்டெல்லில் எட்டுக் கோர் வேண்டுமென்றால் அப்போது ஆயிரம் டாலருக்கு மேல். அந்த வருஷம் அக்டோபரிலேயே இன்டெல் தன் சாதாரண ரகத்தில் ஆறு கோர் போட்டது. பத்து வருஷமாக வராத இரண்டு கோர், ஏழே மாதத்தில் வந்துவிட்டது.

அறிவியல் அந்த ஏழு மாதத்தில் திடீரென்று வளர்ந்துவிடவில்லை. எதிர்க் கடையில் கூட்டம் சேர்ந்தது. அவ்வளவுதான் விஷயம்.

*

இனி சீட்டுக்கு வருவோம். பையனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் வேலை என்ன என்று எழுது. ஆல்பம் டிசைனுக்குப் பெரிய பெரிய படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு உச்சாணிக் கொம்பு பிராசஸர் வேண்டியதில்லை. நடுத்தர பிராசஸரும் நிறைய ராமும் போதும். பிராசஸரில் மிச்சம் பிடித்து ராமில் போடு. ராமை ஒரே துண்டாக வாங்காமல் சமமான இரண்டு துண்டாக வாங்கு. இரண்டு வாசலில் ஆள் போய்வருவது மாதிரி, வேகம் கூடும்.

இரண்டாவது, மாடல் எண்ணின் வாலைப் பார். இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்டு வாங்காமல் மானிட்டரில் படம் வராது. ஏ.எம்.டி.யில் ஜி என்று இருந்தால் நல்ல கிராஃபிக்ஸ் உள்ளேயே உண்டு. ரைசன் 5600 மாதிரி பழைய வரிசையில் ஜி இல்லாதவற்றில் அது கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, கார்டுக்காக மறுபடி கடன் வாங்கினவர்கள் உண்டு.

மூன்றாவது, சாக்கெட்டைக் கேள். இந்த மதர்போர்டில் மூன்று வருஷம் கழித்து வேறு பிராசஸர் மாற்ற முடியுமா? 2017-ல் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டு வாங்கின பலர், பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2020-ல் வந்த பிராசஸரை அதிலேயே போட்டார்கள். 2022-ல் ஏ.எம்.5 வந்தது. இன்டெல்லின் 12, 13, 14-ம் தலைமுறைகள் ஒரே சாக்கெட்டில் உட்காரும். 2024-ல் வந்த அடுத்த வரிசைக்கு வேறு சாக்கெட். பிராண்டுப் பெயரைவிட இந்தக் கேள்விக்குப் பதில் முக்கியம்.

நான்காவது, 'ஐ-5' என்கிற சொல்லுக்கு மயங்காதே. 2013-ல் வந்ததும் ஐ-5தான், 2023-ல் வந்ததும் ஐ-5தான். ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்து ஐ-5 என்று பாதி விலைக்குத் தருவார்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல்லில் 8-ம் தலைமுறையாவது வேண்டும். எத்தனையாவது தலைமுறை என்று கேட்காமல் பணத்தை எடுக்காதே.

ஐந்தாவது, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எஸ்.எம்.பி.எஸ். சீட்டில் மலிவான வரி அதுதான் என்பதால் அதிலேயே குறைக்கச் சொல்வார்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்தோமே, அப்போது போய்ப் போய் வந்த கரண்ட் எத்தனை மட்டமான எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் காவு வாங்கியது என்று பழைய சர்வீஸ்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போகும்போது அது தனியாகவும் போவதில்லை. மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். 80 பிளஸ் முத்திரை இருக்கிறதா பார். யு.பி.எஸ்.ஸை அந்தச் சீட்டிலிருந்து எடுத்துவிடாதே.

கடைசியாக, பெட்டியோடு வாங்கு, பில்லோடு வாங்கு. பெரிய கம்பெனி தப்பே செய்யாது என்றும் நினைக்காதே. 1994-ல் பென்டியம் வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போடுகிறது என்று ஒரு கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்து, இன்டெல் எல்லோருக்கும் மாற்றித் தர வேண்டியதாயிற்று. 47.5 கோடி டாலர் செலவு. 2024-ல் அதே இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை பிராசஸர்கள் சிலவற்றில் வோல்டேஜ் கோளாறு வந்து, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டித்தது. அந்த உத்தரவாதத்தைக் கேட்டு நிற்க உன் கையில் பில் இருக்க வேண்டும்.

"சரி மாமா, எந்தப் பக்கம்?" என்றான்.

"சீட்டை எடுத்துக்கிட்டு இன்னொரு கடைக்குப் போ" என்றேன்.

போனான். அங்கே விலை கொஞ்சம் குறைவு. அதைக் காட்டியதும் முதல் கடைக்காரர் ஆயிரத்து இருநூறு குறைத்தார். அந்தப் பணம் அப்படியே எஸ்.எம்.பி.எஸ். வரிக்குப் போனது. எந்தப் பக்கம் டிக் செய்தான் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அடுத்த மாதம் விலை மாறும், பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

*

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரப் பையன் வந்து, திண்ணையிலேயே சாக்கு விரித்துக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தான். ஒரே ஒரு ஸ்குரூ டிரைவர். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிராசஸர் சாக்கெட்டில் உட்கார்ந்ததும் மேலே ஒரு சின்ன லீவரை அமுக்கிப் பூட்டினான். "இதுக்கும் லீவரா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா வீட்டு ஹாலில் என் லேப்டாப் இருந்தது. அதில் ராம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. இன்னும் வேண்டுமென்றால் வேறு லேப்டாப்தான் வாங்க வேண்டும். 2020-லிருந்து வருகிற ஆப்பிளின் சொந்த பிராசஸர்களில் மெமரியும் அதே பொதிக்குள்ளேயே அடக்கம். வேகம், பேட்டரி, எடை என்று அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. நம் கையில் இருக்கிற செல்போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்கெல்லாம் ஒன்பது வரிக் கொட்டேஷன் கிடையாது. ஒரே வரி. நடுவில் கோடும் கிடையாது.

வேலை முடிந்து, மூடியைப் போட்டு ஸ்குரூ முடுக்கப் போனான். தாத்தா கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு போச்சுன்னா, இதை இங்கயே கழட்டலாம்ல?"

"கழட்டலாம் தாத்தா. எது போச்சோ அதை மட்டும் மாத்திக்கலாம்."

வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப நல்ல சாமான்தான்" என்றார்.